மணம் பேசும் முதல் வார்த்தை

சிந்தாதிரிப்பேட்டையில் வசிக்கும் ஒரு தாயார் அண்மையில் நம்மிடம் ஒரு விளக்கம் கேட்டார். அவருடைய மகள் அண்ணா சாலையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். அதே அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு முஸ்லிம் இளைஞன் ஒரு நாள் பகல் உணவு வேளையில், நாலு பேர் பார்வையில் இருக்கும்போதே, அவளிடம் வந்து, "உங்கள் வீட்டுக்கு என் அம்மாவைப் பெண் கேட்க அனுப்பலாமா? விருப்பமில்லை என்றால் சொல்லிவிடுங்கள். இனி இதைப் பற்றிப் பேச மாட்டேன்" என்று கேட்டிருக்கிறான். "அம்மாவிடம் சொல்கிறேன்" என்று அவள் பதில் கூறி, அன்று மாலையே வீட்டில் அப்படியே சொல்லியும் விட்டாள். பெண்ணின் அத்தாவுக்குக் கோபம் தாங்கவில்லை. அந்நிய ஆடவன் நேரே வந்து எப்படிக் கேட்கலாம், இவள் நின்று எப்படிப் பதில் சொல்லலாம் என்று மூன்று நாட்கள் வீட்டில் ஒருவரோடொருவர் பேச்சில்லை. "அவன் கேட்டதும் இவள் பதில் சொன்னதும் பாவமா?" என்பதே அந்தத் தாயாரின் கேள்வி.

பாவமில்லை என்று அவரிடம் சொன்னோம். ஏன் பாவமில்லை என்பதையும், எந்த இடத்தில் அது பாவத்தின் பக்கம் திரும்பும் என்பதையும் இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். இது ஒரே ஒரு வீட்டின் கேள்வி அல்ல.

கூவம் ஆறு வளைந்தோடும் கரையில், 1734 இல், கும்பினியார் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை இது. தறி வீட்டுக்குள்ளேயே இருந்த காலம் அது. ஒரே கூரையின் கீழ், உறவினர் நடுவிலேயே ஆணும் பெண்ணும் உழைத்தார்கள். இன்றோ நம் பெண்மக்கள் இங்குள்ள நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறித் தரமணி வரை வேலைக்குப் போகிறார்கள். 1955 இல் நீதிபதி பஷீர் அஹ்மது சயீத் அவர்களின் பெருமுயற்சியால் தேனாம்பேட்டையில் எஸ்.ஐ.இ.டி. பெண்கள் கல்லூரி தொடங்கப்பட்டபோது, 'பெண்ணுக்குப் படிப்பெதற்கு?' என்று கேட்கக்கூடிய வீடுகள் நம்மிடம் எத்தனையோ இருந்தன. இப்போது படிப்பும் வேலையும் வழக்கமாகிவிட்டன. மகள் மேலதிகாரியிடம் கணக்கைப் பற்றிப் பேசுகிறாள். வாடிக்கையாளரிடம் பாக்கியைப் பற்றிப் பேசுகிறாள். அதற்கெல்லாம் நாம் இசைந்துவிட்டோம். அவள் வாழ்நாள் முழுவதும் யாரோடு வாழப்போகிறாளோ, அவனிடம் ஒரு வார்த்தை பேசுவது மட்டும் நமக்குப் பெருங்குற்றமாகத் தோன்றுகிறது.

இதன் விளைவு என்ன? வீட்டில் வாய் திறக்க வழியில்லாத பிள்ளைகள், நள்ளிரவில் போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஆறு மாதம், ஒரு வருடம் பேசுகிறார்கள். பெற்றோருக்குத் தெரியவரும்போது பேச்சு எங்கோ போய்விட்டிருக்கிறது. பேசவே கூடாது என்ற வீட்டிலும் எவ்வளவும் பேசலாம் என்ற கைப்பேசியிலும் கேட்கப்படாத ஒரு கேள்வி உண்டு. கேட்கிறவன் 'வேண்டாம்' என்ற பதிலுக்கு இடம் விட்டுக் கேட்கிறானா? நம் மார்க்கம் இந்த இடத்தைத்தான் மிகவும் பேணுகிறது என்பது நம் எண்ணம். எப்படி என்று பார்ப்போம்.

திருமறையின் இரண்டாம் அத்தியாயம், 235 ஆம் வசனம் கணவனை இழந்து இத்தா இருக்கும் பெண்ணைப் பற்றியது. அவளை மணக்கும் எண்ணத்தைச் சாடையாக உணர்த்துவதிலும், அதை மனத்துக்குள் வைத்திருப்பதிலும் குற்றமில்லை என்று அல்லாஹ் அறிவிக்கிறான். நீங்கள் அவர்களை நினைப்பீர்கள் என்பதைத் தான் அறிந்திருப்பதாகவும் கூறுகிறான். மனித உள்ளம் நாடும் என்பதைப் படைத்தவனே சொல்லிவிட்டபின், நாடியதற்காகவே ஒருவனைக் குற்றவாளியாக்க நாம் யார்? ஆனால் அதே வசனம் இரகசியமாக வாக்குக் கொடுத்து வாங்குவதைத் தடுக்கிறது. முறையான சொல்லை மட்டும் அனுமதிக்கிறது. அந்த முறையான சொல்லுக்கு அரபியில் 'கவ்லன் மஃரூஃபா' என்பது பெயர். இதே இரண்டு சொற்கள் முப்பத்து மூன்றாம் அத்தியாயம், 32 ஆம் வசனத்திலும் வருகின்றன. அங்கே பெருமானார் (ஸல்) அவர்களின் துணைவியரை நோக்கி, உள்ளத்தில் நோயுள்ளவன் ஆசை கொள்ளும்படி குழைந்து பேச வேண்டாம், முறையான சொல்லைப் பேசுங்கள் என்று கட்டளை வருகிறது. மணம் நாடி வரும் ஆணுக்கு ஓரிடத்தில். ஆடவரோடு பேச நேரும் பெண்ணுக்கு இன்னோரிடத்தில். அளவுகோல் ஒன்றே. இருவரையும் ஊமையாக இருக்கும்படி அந்த அளவுகோல் சொல்லவில்லை.

முறையான சொல் எப்படி இருக்கும்? மத்யன் கிணற்றங்கரையைப் பாருங்கள். இருபத்தெட்டாம் அத்தியாயம் அதை வருணிக்கிறது. எகிப்திலிருந்து தப்பி வந்த மூஸா (அலை) அவர்கள், ஆட்டிடையர் கூட்டம் நீர் புகட்டுவதையும், இரு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பதையும் காண்கிறார்கள். முதலில் பேசியது அவர்களே. என்ன விஷயம் என்று ஒரே கேள்வி. இடையர்கள் போகும்வரை தாங்கள் புகட்டுவதில்லை, தந்தை முதியவர் என்று பெண்கள் விடை கூறுகிறார்கள். அவர்கள் நீர் புகட்டிக் கொடுக்கிறார்கள். அப்புறம்? பெயர் கேட்கவில்லை, வீடு எங்கே என்று விசாரிக்கவில்லை. நிழலுக்குத் திரும்பிப் போய் இறைவனிடம் கையேந்துகிறார்கள்! உதவி செய்த கையோடு உரிமை கொண்டாடாமல் விலகிப் போன அந்தச் சில அடிகளை நம் இளைஞர்கள் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். பேருந்தில் இடம் பிடித்துக் கொடுத்ததற்கும், பாடக் குறிப்பு கொடுத்ததற்கும் பதிலாக ஒரு புன்னகையையாவது எதிர்பார்க்கிற காலம் இது.

அதன்பின் அவ்விரு பெண்களில் ஒருத்தி நாணத்தோடு நடந்து வந்து, தந்தை அழைப்பதாகச் சொல்கிறாள். நாணமும் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது. இவை இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது என்று நம் வீடுகளில் எப்படியோ முடிவு செய்துவிட்டோம். ஒரு மகள் தந்தையிடம், இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள், வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே வேலைக்கு ஏற்றவர் என்று தன் கருத்தைச் சொல்கிறாள். மகளின் சொல்லுக்குள் இருந்ததைத் தந்தை விளங்கிக்கொண்டார் போலும். எட்டு ஆண்டு உழைப்பை நிபந்தனையாக வைத்து, பத்தாக நிறைவு செய்தால் அது உங்கள் விருப்பம் என்று கூறி, மகளை மணமுடித்துத் தரும் எண்ணத்தை அவரே வெளியிடுகிறார். 'ஆண் பிள்ளையின் பெயரை நீ எப்படி எடுக்கலாம்?' என்று அந்த முதியவர் கேட்டிருந்தால் அந்தத் திருமணம் ஏது?

அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்களின் வரலாறு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அதில் ஒரு செய்தியை நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். அன்னையார் செல்வம் மிக்க வணிகர். பெருமானார் (ஸல்) அவர்கள் அவர்களுடைய சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டுபோய் விற்று வந்தவர்கள். இன்றைய பேச்சில் சொன்னால் அன்னையார் முதலாளி. அந்த நேர்மையைக் கண்டு மணக்க விரும்பியபோது, அவர்கள் தாமே அழைத்துக் கேட்கவில்லை. நஃபீஸா என்ற பெண்மணியை அனுப்பினார்கள். நஃபீஸா அவர்களும் எடுத்த எடுப்பில் பெயரைச் சொல்லவில்லை. ஏன் இன்னும் மணம் முடிக்கவில்லை என்று விசாரித்தார்கள்; கையில் வசதியில்லை என்று பதில் வந்தது. அந்தக் குறை நீங்கி, அழகும் பொருளும் குலமும் பொருத்தமும் உள்ள இடத்திலிருந்து அழைப்பு வந்தால் இசைவீர்களா என்று கேட்டார்கள். யார் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்ட பின்னரே பெயர் வெளிவந்தது. பிறகு இரு தரப்புப் பெரியவர்களும் கூடி நிகாஹ் நடந்தது.

தூது அனுப்புவது நாணத்துக்காக என்று மட்டும் நாம் நினைக்கிறோம். அதற்குமேல் ஒன்று இதில் இருப்பதாக நமக்குப் படுகிறது. பெயர் வெளிவருவதற்கு முன்பே 'எனக்கு இப்போது எண்ணமில்லை' என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யாருடைய மானமும் போயிருக்காது. யாருடைய பிழைப்பும் கெட்டிருக்காது. சம்பளம் கொடுக்கிறவர் வேலை செய்கிறவரிடம் நேருக்கு நேர் கேட்டால், அந்தப் பதில் சுதந்திரமான பதிலாக இருக்குமா? இன்றைய அலுவலகங்களில் இதைச் சிந்திக்க ஆளில்லை. விடுப்புக்குக் கையெழுத்துப் போடுகிற மேலாளர், தன் கீழ் வேலை செய்யும் பெண்ணிடம், மணம் முடிக்கும் நல்ல எண்ணத்தோடேயே பேச்சைத் தொடங்கினாலும், அவள் எப்படி மறுப்பாள்? அப்படிப்பட்டவர் தம் தாயாரையோ சகோதரியையோ அவள் வீட்டாரிடம் அனுப்புவதே முறை. சிந்தாதிரிப்பேட்டை இளைஞன் சமநிலையில் இருந்து கேட்டான். பிறர் பார்வையில் கேட்டான். மறுக்கும் வழியையும் அவனே சொல்லிக் கொடுத்தான். ஆகவேதான் பாவமில்லை என்றோம்.

பெண் தானாக விருப்பத்தை வெளியிடலாமா என்ற கேள்விக்கும் நபிகாலத்திலேயே பதில் இருக்கிறது. ஒரு பெண்மணி பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து, தம்மை மணக்க விருப்பமா என்று கேட்டார். இச்செய்தியை அனஸ் (ரலி) அவர்கள் சொல்லக் கேட்ட அவர்களின் மகள், என்ன வெட்கங்கெட்ட பெண் என்று கூறினாள். அவள் உன்னைவிடச் சிறந்தவள் என்று மகளைத் திருத்தினார்கள் அனஸ் (ரலி). புகாரியில் பதிவாகியிருக்கும் செய்தி இது. அந்த மகளின் வார்த்தையைத்தான் நம் தெருக்களில் இன்றும் கேட்கிறோம். அந்தத் தந்தையின் வார்த்தையை எங்கேயும் காணோம்.

முகீரா (ரலி) அவர்களின் செய்தி இன்னும் நுட்பமானது. ஓர் அன்ஸாரிப் பெண்ணை மணம் பேசியிருந்த அவர்களிடம், அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்கிடையே இணக்கம் நிலைக்க அது ஏற்றது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறினார்கள். முகீரா (ரலி) அவர்கள் பெண்ணின் பெற்றோரிடம் போய் அதைத் தெரிவித்தபோது, அவர்களுக்கு அது பிடிக்கவில்லை போலிருந்தது. உள்ளறையில் இருந்த பெண் இதைக் கேட்டாள். அல்லாஹ்வின் தூதர் பார்க்கச் சொல்லியிருந்தால் பாருங்கள். இல்லையென்றால் அல்லாஹ்வின் பெயரால் வேண்டாம் என்கிறேன் என்று திரைக்குள்ளிருந்தே சொன்னாள். பெற்றோர் திகைத்து நிற்க, அனுமதியையும் எல்லையையும் ஒரே மூச்சில் வகுத்தவள் அந்தப் பெண். பார்த்தார்கள்; மணமும் நடந்தது. இப்னு மாஜாவில் இச்செய்தி இருக்கிறது.

இனி, மறுப்பைப் பற்றி. பரீரா (ரலி) அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். விடுதலை கிடைத்ததும் கணவர் முகீஸோடு தொடர்ந்து வாழ்வதா, விலகுவதா என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கு வந்தது, விலகினார். முகீஸ் மதீனாத் தெருக்களில் அவர் பின்னே அழுதுகொண்டு திரிந்தார். கண்ணீர் தாடியில் வழிந்தது. அவர் கொண்ட அன்பையும் இவர் கொண்ட வெறுப்பையும் கண்டு பெருமானார் (ஸல்) அவர்கள் அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வியந்து கூறினார்கள். பரீராவிடம், அவரிடம் திரும்பிப் போகலாகாதா என்றும் கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்று பதில் வந்தது. அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்று கூறிவிட்டார் பரீரா. அதோடு முடிந்தது. படைப்பினங்களில் சிறந்தவரின் பரிந்துரையையே நேற்றுவரை அடிமையாயிருந்த ஒரு பெண் மறுக்கிறார். மதீனாவில் ஒருவரும் அவரைக் குறை கூறவில்லை. முகீஸின் அன்பையும் யாரும் கேலி செய்யவில்லை. ஆனால் அந்த அன்பு எவ்வளவு பெரிதாக இருந்தும், பரீராவின் மீது ஓர் உரிமையை அது உண்டாக்கவில்லை.

நம் பட்டணத்தில் நடப்பதை இதோடு ஒப்பிட்டால் மனம் பதறுகிறது. 1998 இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, கேலி செய்து வந்தவர்களால் உயிரிழந்தார். அதன்பின் அதே ஆண்டு தமிழக அரசு ஈவ்டீசிங்கைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றியது. 2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை ரயில் நிலையத்தில் மற்றொரு மாணவி, ஓடி வந்த ரயிலின் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். அவர் தன்னை மறுத்ததைப் பொறாத ஒருவன் செய்த கொலை என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பெண் தெளிவாக விருப்பமின்மையைக் காட்டிய பின்னும் அவளைப் பின்தொடர்ந்து பேச முயல்வது 2013 முதல் நாட்டின் தண்டனைச் சட்டத்தில் குற்றம். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78 ஆம் பிரிவு. ஆனால் சட்டப் புத்தகத்தைவிட சினிமாவை நம் பிள்ளைகள் அதிகம் பார்க்கிறார்கள். அங்கே கதாநாயகி பத்து முறை மறுத்தாலும் பதினோராவது முறை சிரிக்கிறாள். மறுப்பு என்பது சம்மதத்தின் முதல் படி என்று இத்தனை ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிற அந்தத் திரையைப் பற்றி நம் ஜும்ஆ மேடைகள் பேச வேண்டும். 'வேண்டாம்' என்பதை ஒரே தடவையில் கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை ஆண் பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டியது தாய்மார்களின் கடமை. பெண் பிள்ளைக்கு நாணத்தைப் போதிக்கும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவிட்டால் போதும்.

பேச அனுமதித்தால் ஃபித்னாவுக்கு வாசல் திறந்ததாகாதா என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வீண் என்று நாம் சொல்லவில்லை. அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். மஹ்ரம் உடனிருக்க வேண்டும் என்றார்கள். கைப்பேசியில் பேசுவதும் எழுதுவதும் அந்தத் தனிமையில் சேருமா என்று கேட்டால், உடல் அளவில் அது தனித்திருத்தல் அல்ல என்பது சரியே. ஆனால் நள்ளிரவில் இருவர் மட்டுமே படித்துப் படித்தவுடன் அழித்துவிடும் வாட்ஸ்அப் செய்திகளுக்கும், கதவைச் சாத்திய அறைக்கும் வேறுபாடு எவ்வளவு? நாம் முன்னே சொன்ன வசனம் தடுத்த இரகசிய வாக்குறுதி அங்கேதான் பிறக்கிறது. 'நீ மறுத்தால் நான் சாப்பிட மாட்டேன்', 'உயிரோடிருக்க மாட்டேன்' என்ற மிரட்டல்களும் அங்கேதான் பிறக்கின்றன. மறுக்கும் இடம் மெல்ல மெல்லச் சுருங்கி, கடைசியில் அந்தப் பெண்ணுக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வாயே இல்லாமற் போய்விடுகிறது. அடுத்த அறையில் அவள் அண்ணன் உட்கார்ந்திருந்தால் இதே வார்த்தையை எழுதுவேனா என்று இளைஞன் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இந்த வாசலை அடைக்க வேண்டுமென்றால் வேறொரு வாசல் வேண்டும். வீட்டிலேயே அது இருக்க வேண்டும். நம் பெண் பார்க்கும் சடங்கைப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பத்துப் பெண்கள் வருகிறார்கள். பெண்ணின் நடை, நிறம், தலைமுடி எல்லாம் அளக்கப்படுகின்றன. பஜ்ஜியைப் பற்றிக்கூட அபிப்பிராயம் கேட்கப்படுகிறது, பெண்ணிடம் கேட்கப்படுவதில்லை. முகீரா (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றி. நம்மிடமோ மாப்பிள்ளையைத் தவிர எல்லோரும் பார்க்கிறார்கள்! கூடத்தில் பெரியவர்கள் இருக்க, கதவு திறந்த அறையில், அண்ணனோ தம்பியோ உடனிருக்க, இருவரும் அரை மணி நேரம் பேசட்டும். தொழுகையைப் பற்றியும், வேலைக்குப் போவதைப் பற்றியும், மாமியாரோடு இருப்பதா தனிக்குடித்தனமா என்பதைப் பற்றியும், கடன் இருக்கிறதா என்பதைப் பற்றியும் கேட்டுக்கொள்ளட்டும். நிகாஹுக்குப் பிறகு தெரிந்து கண்ணீர் விடுவதைவிட முன்னே தெரிந்து மறுப்பது மேல். கைக்கூலி கேட்கிற வீடா என்பதும் அந்த அரை மணியில் வெளியே வந்துவிடும்.

கன்னிப் பெண்ணின் மௌனமே சம்மதம் என்ற ஹதீஸை நம்மில் பலர் தவறான இடத்தில் எடுத்து வைக்கிறார்கள். கன்னிப்பெண் வெட்கப்படுவாளே என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் கேட்டதற்கு வந்த பதில் அது. கேட்கப்பட்ட பெண்ணின் மௌனத்தைப் பற்றியது. கேட்கப்படாத பெண்ணின் மௌனத்தைப் பற்றியது அல்ல. ஹனஃபீ மத்ஹபின்படி பருவமடைந்த பெண்ணை அவள் சம்மதமின்றி மணமுடிக்க முடியாது. ஷாஃபிஈ மத்ஹபில் தந்தைக்குக் கன்னி மகள் விஷயத்தில் அதிகாரம் உண்டு. ஆனால் மாப்பிள்ளை பொருத்தமானவராக இருக்க வேண்டும், தந்தைக்கும் மகளுக்கும் வெளிப்படையான பகை இருக்கக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகள் உண்டு. அங்கும் அவளைக் கேட்பது விரும்பத்தக்கது. தம் அந்தஸ்தை உயர்த்திக்கொள்ளத் தந்தை தன்னைச் சகோதரர் மகனுக்கு மணமுடித்துவிட்டதாக ஒரு பெண் முறையிட்டபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் முடிவை அவள் கையிலேயே கொடுத்தார்கள். தந்தை செய்ததை ஏற்கிறேன். தந்தையர்க்கு இதில் முழு அதிகாரமில்லை என்று பெண்கள் அறியவேண்டும் என்றே வந்தேன் என்றாள் அவள்.

நம் ஊர் வழக்கத்தில் நிகாஹ் அன்று பெண் வக்கீலும் இரு சாட்சிகளும் பெண்ணிடம் சம்மதம் கேட்கப் போகிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் எப்போது போகிறார்கள்? பிரியாணி வெந்துவிட்டது, மண்டபம் நிறைந்துவிட்டது, மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்துவிட்டார். நாற்பது பெண்கள் சுற்றி நிற்க, நகையின் பாரத்தில் தலை குனிந்திருக்கும் பெண்ணிடம் அப்போது கேட்டால், அவள் என்ன சொல்ல முடியும்? ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் இமாம்களுக்கும் ஒன்று சொல்வோம். நிச்சயம் பேசி, அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே, இமாமின் வீட்டுப் பெண்மணியோ ஜமாஅத்தில் நம்பிக்கைக்குரிய ஒரு மூதாட்டியோ பெண்ணைத் தனியே சந்தித்து ஒரு தடவை கேட்டுவிடட்டும். 'வேண்டாம்' என்று அவள் சொன்னால், அந்த மூதாட்டியே இரு வீட்டாருக்கும் அதைச் சொல்லிவிடட்டும். பெண் தன் அத்தா முகத்தைப் பார்த்துச் சொல்லும்படி விட வேண்டாம். மாப்பிள்ளையையும் அதேபோல ஓர் ஆண் கேட்கட்டும். பையன்களும் தாயின் கண்ணீருக்குப் பயந்து தலையாட்டிவிட்டு நிகாஹ் மேடைக்கு வருகிறார்கள் என்பது நம் ஜமாஅத்துகளில் விவாகரத்துப் பஞ்சாயத்துக்கு உட்காருகிறவர்களுக்குத் தெரியும்.